கோட்டோரம் காதில் விழுந்தது

சென்ற மாதம் மாவட்டக் கால்பந்து நடுவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். என்னைப் போலப் பழசாகிவிட்டவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள். முழங்கால் மடங்காததால் நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு புது நடைமுறையைக் காட்டி விளக்கினார்கள். ஆட்டக்காரர் ஒருவரை அவருடைய நிறத்தையோ பிறப்பையோ சொல்லி இழிவாகப் பேசினால் நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிடலாமாம். அதைத் தெரிவிக்க இரண்டு மணிக்கட்டையும் குறுக்காக வைக்கும் சைகைகூட வந்துவிட்டது.

டீ நேரத்தில் ஓர் இளம் பெண் நடுவர் வந்து கேட்டார். "சார், உங்க டைம்ல இதெல்லாம் இருந்துச்சா?"

"எதும்மா? திட்டா, விதியா?"

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும், "எழுதிக் குடுங்க சார், சங்க மலர்ல போடுறோம்" என்றார். அதனால் எழுதுகிறேன். இதில் யாருக்கும் பெருமை சேரப் போவதில்லை. நினைத்தாலே அலுப்பாக இருக்கும் சங்கதி இது. இருந்தாலும் கேட்டுவிட்டார்.

நான் பிழைப்புக்குச் செய்தது டிரில் மாஸ்டர் வேலை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு எங்களுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். அண்ணய்யா தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். உடற்பயிற்சிக் கல்லூரியில் ஒரு வருஷம், பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை, அதன்பிறகு நடுவர் பரீட்சை. எழுத்து, ஓட்டம், கண் பார்வை மூன்றிலும் தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையான பயிற்சி தேசிகன் சாருக்குக் கீழே கோட்டோரம் ஓடியபோதுதான் நடந்தது.

தேசிகன் சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். ரயில்வேயில் கார்டு. விசிலும் கொடியும் அவருக்கு வேலையிலும் உண்டு, சாயங்காலத்திலும் உண்டு. கறுப்புச் சட்டை, கறுப்பு நிக்கர், நெற்றியில் பளிச்சென்று திருமண். இரண்டாம் பாதியில் வியர்வையோடு கரைந்து மூக்கு வரைக்கும் வெள்ளையாக வழியும். கேலரியில் அவருக்கு 'நாமக்கார ரெஃப்ரி' என்று பெயர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னைவிட வெகு மூத்தவர், ஆனாலும் 'நீர்' என்றுதான் அழைப்பார்.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் செய்வதைப் பார்க்கக் கொஞ்சம் பேர் சீக்கிரமே வந்துவிடுவார்கள். பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டு அது எழும்புவதைக் கவனிப்பார். அந்தக் காலத்துப் பந்துக்குத் தோல் லேஸ் உண்டு. அதன் முடிச்சை உள்ளே தள்ளியிருக்கிறார்களா என்று கட்டைவிரலால் தடவுவார். தள்ளாவிட்டால் தலையால் முட்டுகிறவன் நெற்றி கிழியும். பிறகு ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, லாடம் அடிக்கிற மாட்டுக்குக் காலைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொருவர் பூட்ஸையும் தூக்கிப் பார்ப்பார். அடியில் தோல் குமிழ்களை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் கீறுவது அவர் உள்ளங்கையைத்தான்.

நான் லைன்ஸ்மேனாக ஓட ஆரம்பித்த புதிதில் ஓர் ஆட்டத்தில் கைகலப்பு ஆயிற்று. ஒருவன் கெட்ட வார்த்தை பேசியதாக அறிக்கை எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எந்த வார்த்தை?"

"சொல்ல வாய் கூசுது சார்."

"வாய் கூசினா கையாலே எழுதும். கெட்ட வார்த்தைன்னு நீர் சொன்னா அது உம்ம அபிப்பிராயம். அவன் என்ன சொன்னானோ அதுதான் நடந்தது. தமிழ்லே சொன்னா தமிழ்லே எழுதும். மொழிபெயர்க்கப்படாது."

காலையில் பாசுரம் சொல்கிற மனிதர், சாயங்காலம் உட்கார்ந்து ஊரில் உள்ள அத்தனை வசவையும் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். முகம் மாறாது. இன்னொன்றும் சொல்லுவார்: "காதாலே கேட்டதா, யாரோ சொல்லிக் கேட்டதா? ரெண்டும் வேறே." இதை எல்லா ஆட்டத்துக்குப் பிறகும் கேட்பார்.

இனி, எழுத வந்த விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊரில் ஒரு பட்டு முதலாளி வருஷா வருஷம் கோப்பை வைத்து டோர்னமென்ட் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் அணியும் அவருடையதே. காசுக்குப் பந்தாடுகிறோம் என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேருக்கு ஒரு வேலை கொடுத்து, பந்தாடுவதையே வேலையாக வாங்கிக்கொள்வார்கள். மெட்ராஸ் கம்பெனி அணிகளும் அப்படித்தான், எங்கள் ஊர் அணியும் அப்படித்தான். ஊர் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் கோவிந்தனுக்கு முதலாளியின் சாயப்பட்டறையில் வேலை. சாயத்தில் நூல் முக்கி முக்கி அவன் கை எப்போதும் முழங்கை வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

கோவிந்தன் ஓரிக்கைக்காரன். கூலி வேலை செய்கிற குடும்பம். பாலாற்று மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மணலில் ஓடிய கால் தரையில் ஓடினால் எப்படி இருக்கும் என்று அவனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நல்ல கறுப்பு. கேலரி அவனை 'கரியா' என்றுதான் கூப்பிடும். "டேய் கரியா, உட்ராத! அடிடா!" என்று படிக்கட்டு முழுக்கக் கத்தும். அவன் கோல் போட்டால் அதே பெயரைச் சொல்லித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் மெட்ராசிலிருந்து ஓர் இலாகா அணிக்காரர்கள் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். சர்க்கார் வேலை கிடைக்கும் என்று ஊரே பேசியது.

அரையிறுதியில் ஊர் அணிக்கு எதிராக மெட்ராஸ் கம்பெனி அணி ஒன்று வந்தது. அவர்கள் பின்வரிசையில் சாமுவேல் என்று ஒருவர். கென்யா நாட்டுக்காரர். மெட்ராசில் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டு, லீவு நாளில் அந்த அணிக்கு ஆடினார். கோவிந்தனை மறிக்கும் வேலை அவருக்கு. நல்ல உயரம், ஆனாலும் யாரையும் இடித்துத் தள்ளமாட்டார். கோவிந்தன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோலக் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் பாதி முழுக்கக் கோவிந்தனால் அவரைத் தாண்ட முடியவில்லை.

கேலரி பொறுக்குமா? சாமுவேல் பந்தைத் தொட்டபோதெல்லாம் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். வாழைப்பழத் தோல் ஒன்று வந்து விழுந்தது. தேசிகன் சார் ஆட்டத்தை நிறுத்தி, தானே போய் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கொஞ்சம் அடங்கிற்று.

இரண்டாம் பாதியில் மெட்ராஸ் அணி ஒரு கோல் போட்டது. அதன்பிறகு பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது, இந்தக் கோடியில் என் கோட்டருகே கோவிந்தனும் சாமுவேலும் நின்றிருந்தார்கள். தேசிகன் சார் பந்தோடு போய்விட்டார். கோவிந்தன் சாமுவேல் முகத்துக்கு நேரே போய்ச் சொன்னான்.

"டேய் நீக்ரோ கொரங்கே, காட்டுக்குப் போடா. மனுசன் ஆடற ஆட்டத்துல உனக்கு இன்னாடா வேல?"

சொல்லிவிட்டுத் துப்பினான். எச்சில் சாமுவேலின் சட்டையில் விழுந்தது. சாமுவேல் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கையை வீசி அறைந்தார். கோவிந்தன் விழுந்தான்.

நான் கொடியைத் தூக்கினேன்.

தேசிகன் சார் விசிலடித்துவிட்டு வந்தார். கூட்டம் எங்கள் வாயைப் பார்க்கக்கூடாது என்பதற்காக என்னை முதுகு காட்டி நிற்கச் சொன்னார்.

"என்ன பார்த்தீர்?"

"அறைஞ்சார் சார்."

"அதுக்கு முந்தி?"

"கோவிந்தன் துப்பினான். அதுக்கு முந்தி ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

சொன்னேன்.

"காதாலே கேட்டதா?"

"காதால கேட்டது சார்."

அப்போது சிவப்பு அட்டை எங்கள் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. பெயரை எழுதிக்கொண்டு வெளியே கையை நீட்டிக் காட்டுவதுதான். முதலில் சாமுவேலை வெளியே அனுப்பினார். கேலரி ஆர்ப்பரித்தது. பிறகு கோவிந்தனைக் கூப்பிட்டு அவன் பெயரையும் எழுதிக்கொண்டு வெளியே கையைக் காட்டினார். தகாத சொல் பேசினால் வெளியேற்றலாம் என்று அன்றைக்கும் ஒரு வரி விதி இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அந்த வரியை அதுவரைக்கும் யாரும் பயன்படுத்தியதில்லை. கேலரிக்குச் சற்று நேரம் நடந்தது விளங்கவில்லை. விளங்கியதும் கல் வந்தது. போலீஸ் தடியோடு கோட்டருகே வந்து நின்ற பிறகுதான் ஆட்டம் முடிந்தது. ஊர் அணி தோற்றது.

இரு தரப்பும் புகார் கொடுத்தன. பொய் சொன்ன லைன்ஸ்மேனின் பேச்சைக் கேட்டுத் தங்கள் ஆளை வெளியேற்றினார்கள் என்பது ஊர் அணியின் புகார். தங்கள் ஆட்டக்காரரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பது மெட்ராஸ் அணியின் புகார். சங்கம் விசாரணைக்கு நாள் குறித்தது. சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு முன்னால் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். அவர் அப்படி யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. தறிக்குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். அண்ணய்யா அவருக்குத்தான் சேலை நெய்துகொண்டிருந்தார். தறியில் பூட்டும் பாவு நூலும் ஊடைப் பட்டும் அவரிடமிருந்தே வரும். தறியில் பாதி நெய்த முகூர்த்தச் சேலை இருந்தது. முதலாளி அதன் கரையைத் தடவிப் பார்த்தார்.

"மாஸ்டர், அவ்ளோ சத்தத்துல காது சரியா கேட்டிருக்காதுன்னு சொன்னா அது பொய் இல்லியே? ஊருக்கே கேக்கல. அந்தப் பையனுக்கு வேல வர நேரம். நீங்களும் நெசவாளி வீட்டுப் பிள்ள. வயித்துப்பாடு இன்னான்னு உங்களுக்குத் தெரியாததா?"

மிரட்டவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னை வதைத்தது. கோவிந்தனின் வேலை என் வாயில் இருந்தது. மெட்ராசில் படித்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போகப் போகிறவருக்காக, ஓரிக்கையில் கூலிக்குப் போகிறவன் பிள்ளையின் பிழைப்பில் கை வைக்க வேண்டுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அண்ணய்யா ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தறியிலிருந்து எழாமலே தெலுங்கில் கேட்டார். "நெஜமா கேட்டியா?"

"கேட்டேன் அண்ணய்யா."

"அப்ப கேட்டேன்னு சொல்லு. ஆனா இந்தச் சேலைய நெஞ்சு முடிச்சு, தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துட்டு வரேன், அப்புறமா சொல்லு. பாதித் தறியில ஆளு மாத்தினா பொடவ வீணாப் பூடும்."

இரவு பகலாக உட்கார்ந்து விசாரணைக்கு முன்னால் அந்தச் சேலையை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. சங்கத் தலைவர் வயதான டாக்டர். செயலாளர் வக்கீல். இன்னொரு உறுப்பினர் வாயே திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் சாமுவேலின் முழங்கால் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் கோவிந்தன், சலவைச் சட்டையில். மணிக்கட்டுக்குக் கீழே அரக்குச் சிவப்பு.

செயலாளர் என்னைக் கேட்டார். "என்ன வார்த்தைன்னு சொல்லுங்க."

சொன்னேன். சாமுவேலை வைத்துக்கொண்டு மறுபடி அதைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதுவது எளிது. வாயால் சொல்லும்போது அது யார் வாயிலிருந்து வந்தாலும் அதே வார்த்தைதான்.

"கொரங்குன்னு நம்ம வீட்டுல பிள்ளைங்களைக் கூடத்தான் சொல்றோம். என் பேரனை நானே சொல்றேன். அது வசவா?" என்று கேட்டார் செயலாளர்.

"பேரன்மேல துப்ப மாட்டீங்க சார்" என்றேன்.

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். செயலாளர் அதை விட்டுவிட்டு வேறு பக்கம் போனார். "சரி. சொல்லப்பட்டது தமிழ்ல. இவருக்குத் தமிழ் தெரியாது. தெரியாத பாஷையில சொன்னா அது இவருக்குச் சத்தம்தானே? சத்தத்துக்குக் கை ஓங்கினார்னா அது வெறும் அடிதடி. இதுல இனம் எங்க வந்துது?"

சாமுவேல் எழுந்து நின்றார். இங்கிலீஷில் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"எனக்குத் தமிழ் தெரியும் சார்" என்றார். மாட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி வந்த தமிழ். நம் பக்கத்து இழுப்பு அப்படியே இருந்தது. "மாடு எப்போலேர்ந்து தீனி எடுக்கல, கன்னு போட்டுதா, கழிச்சல் போவுதான்னு கேக்கத் தெரியும். ஆனா அதெல்லாம் அப்புறம் கத்துக்கினது. மொதல்ல தெரிஞ்சது அந்த வார்த்தைதான். ஸ்டேஷன்ல எறங்கினப்போவே கேட்டேன். தண்ணி வேணும்னு கேக்கக் கத்துக்கறதுக்கு முந்தியே அது எனக்குத் தெரியும் சார்."

வெளியே சைக்கிள் மணி கேட்டது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கோவிந்தனிடம் திரும்பினார். தான் எதுவும் சொல்லவே இல்லை என்றுதான் அவன் முதலில் எழுதிக் கொடுத்திருந்தான். இப்போது எழுந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்துவிட்டவன்போலப் பேசினான்.

"சொன்னேன் சார். இப்போ அதுக்கு இன்னா? என்ன ஊரே கரியான்னு கூப்புடுது. நான் யாரயாச்சும் அடிச்சனா?"

முதலாளியின் ஆட்கள் பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தார்கள். அவன் உட்காரவில்லை. "அடிச்சனா சார்?" என்று மறுபடியும் கேட்டான்.

சங்கத்தார் மூன்று பேரும் தாழ்வாரத்துக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். செயலாளர் தீர்ப்பைப் படித்தார். ஆட்டத்தின் சூட்டில் இரு தரப்பிலும் தகாத நடத்தை நிகழ்ந்தது. இருவருக்கும் இரண்டு ஆட்டம் தடை. இனம் என்றோ நிறம் என்றோ ஒரு சொல் அதில் இல்லை.

தேசிகன் சார் எழுந்தார். "அடிச்சதுக்கு ஒரு தீர்ப்பு வேணும். பேசினதுக்கு ஒரு தீர்ப்பு வேணும். ரெண்டையும் ஒரே இலையிலே பரிமாறிட்டா எப்படி?"

"எல்லாம் சமமாத்தானே குடுத்திருக்கோம் தேசிகன்?"

"அதைத்தான் சொல்றேன்."

"உக்காருங்கோ. ஊர்ல சமாதானம் முக்கியம்" என்றார் தலைவர்.

தேசிகன் சார் உட்கார்ந்தார். அன்றைக்கு முதன்முறையாக அவர் என் கண்ணுக்கு வயதானவர்போலத் தெரிந்தார்.

மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட நான் சாமுவேலோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அவருடைய அணிக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். தீர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பஸ் வரும் நேரத்தில், "எங்க ஊர்ல வெள்ளைக்காரன் சொல்லுவான் சார். சின்ன வயசுலேர்ந்து அதுக்கு நான் தயாரா இருந்தேன். இங்க வர்றப்போ, இவங்களயும் வெள்ளைக்காரன்தானே ஆண்டான், இவங்க சொல்லமாட்டாங்கன்னு நெனச்சிக்கினு வந்தேன்" என்றார்.

பஸ் ஏறியவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அதன்பிறகு அவர் எங்கள் ஊரில் ஆடவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு நாட்டுக்குப் போய்விட்டதாகப் பிற்பாடு அந்தக் கம்பெனி அணிக்காரர் ஒருவர் சொன்னார்.

அண்ணய்யாவுக்கு முதலாளி வீட்டிலிருந்து பாவு வருவது நின்றுபோயிற்று. வேறு முதலாளி கிடைக்கும்வரை கைலி நெய்தார். பட்டு நெய்த கைக்குப் பருத்தி முரட்டுத்தனமாக இருக்கும். ஒருநாளும் அதை அவர் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு அடுத்த வருஷம் டோர்னமென்ட் ஆட்டம் எதுவும் தரவில்லை. மத்தியான வெயிலில் நடக்கும் லீக் ஆட்டங்களைத் தந்தார்கள். கோவிந்தனுக்கு மெட்ராஸ் வேலை வரவில்லை. தண்டனை வாங்கியவன் என்று இலாகாக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். சாயப்பட்டறையிலேயே கிடந்தான்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மைதானத்தில் நான் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் ஆட வந்த நாள்லேர்ந்து கேலரி என்ன கரியான்னு கூப்புடுது. நீங்க கோட்டுப் பக்கம்தான் நின்னுக்கினு இருந்தீங்க. ஒருநாளாச்சும் கொடி தூக்கினீங்களா?"

"நீ புகார் சொல்லலியேப்பா. பாசமாக் கூப்பிடறாங்கன்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஆளு எழுந்து நின்னு பேசினாரு பாருங்க, அன்னிலேர்ந்துதான் காதுல உறுத்துது." வலையைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். "சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

"எழுதியிருப்பேன்."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த சீசனில் ஒரு லீக் ஆட்டம். தேசிகன் சார் நடுவர். ஒரு பக்கக் கோட்டில் நான். வெறும் லீக் என்றாலும் கோவிந்தன் ஆடுகிறான் என்றால் படிக்கட்டு நிறைந்துவிடும். ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முடிய வெகு நேரம் இல்லை. கோல் விழாமல் தடுக்கப் பின்னால் இறங்கி வந்திருந்த கோவிந்தன், பந்தோடு தன் பக்கத்துப் பெனால்டி பரப்புக்கு வெளியே வந்துகொண்டிருந்தான்.

"டேய் கரியா! மேல போடா!" என்று கேலரி கத்தியது.

கோவிந்தன் நின்றான். குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் நடந்து வந்தான்.

"கேட்டுச்சா மாஸ்டர்? எழுதிக்குங்க."

மைதானம் முழுக்க வாய் பிளந்து பார்த்தது. தேசிகன் சார் விசில் ஊதினார். ஓடி வந்து முதலில் பந்தை வாங்கிக்கொண்டார். ஆட்டத்தில் இருக்கும் பந்தைக் கையால் தொட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். எந்த இடத்தில் எடுத்தானோ அந்த இடத்தில் பந்தை வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கோவிந்தனிடம் கேட்டார்.

"புகாரா?"

"புகார்தான் சார்."

"யார் மேலே?"

கோவிந்தன் படிக்கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கையால் காட்டினான். "எல்லார் மேலயும்."

தேசிகன் சார் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் காதாலே கேட்டீரா?"

"கேட்டேன் சார்."

"எழுதும்" என்றார்.

எழுதினேன். அந்த அறிக்கை சங்கத்துக்குப் போயிற்று. ஒரு கேலரியின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை.

ஆனால் அன்றைக்கு ஃப்ரீ கிக் பாக்கி இருந்ததே. எதிரணிக்காரன் ஓடி வந்து உதைத்தான். பந்து சுவராக நின்றவர்களைத் தாண்டி, கோல்கீப்பர் கையில் பட்டு, வலைக்குள் விழுந்தது. ஊர் அணி அதனாலேயே தோற்றது.

கேலரி கொதித்துவிட்டது. படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வாயில் வந்தபடி திட்டினார்கள். கோவிந்தன் நடுமைதானத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். யாரோ ஒருவன் மேல்படியிலிருந்து, "ஆட்டத்தக் கெடுத்துட்டியேடா கோவிந்தா!" என்று அலறினான். பக்கத்தில் இருந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அந்தப் பெயரை ஒருமுறை எடுத்தால் விடத் தெரியாது. ஆட்டம் போச்சு என்ற ஆத்திரத்தில், கருட சேவைக்குக் கூடினவர்கள் மாதிரி, படிக்கட்டு முழுக்கக் கைகொட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

"கோவிந்தா! கோவிந்தா!"

தேசிகன் சாரே சிரிப்பை மறைக்க ஒரு நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தன் என் பக்கம் பார்த்தான். ஆட வந்த நாளிலிருந்து அந்தக் கேலரி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். தோற்றுப்போன ஆட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.